முகர்வோர், நனைப்போர், விழுங்குவோர்

குடிப்பதற்கு நுழைவுத் தேர்வு உண்டு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சந்தேகமும் நம்பவில்லை. சந்தேகம் என்பது ஓர் ஆளின் பட்டப்பெயர். பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. லிஃப்ட் கம்பெனியில் அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். யாராவது சிரித்த முகமாக "குட் மார்னிங்" என்றால், இவன் எதற்குச் சொன்னான் என்று மத்தியானம் வரை யோசிப்பார். லிஃப்ட் பராமரிப்பு வேலைக்கு இப்படி ஓர் ஆள் கிடைப்பது கம்பெனிக்கு அதிர்ஷ்டம். அவர் கைபட்ட லிஃப்ட் எதுவும் விழுந்ததில்லை. விழாத லிஃப்டைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை, அதனால் அவரைப் பற்றியும் பேசியதில்லை.

சர்வீஸ் மேனேஜர் ஓய்வுபெற்றுப் போனதும் முதலாளி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருப்பா" என்றார். முதலாளி உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தேகம் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"மேனேஜர் சீட் காலியா இருக்கு. நியாயமாப் பாத்தா உனக்குத்தான் வரணும்."

நியாயமாகப் பார்த்தால் என்று ஆரம்பித்த பேச்சு எதுவும் உருப்படியாக முடிந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. "ஆனா?" என்றார்.

"நீ குடிக்க மாட்டியாமே?"

"கொள்கைன்னு ஒண்ணும் இல்ல சார். யாரும் குடுத்ததில்ல."

முதலாளி பெருமூச்சு விட்டார். "இங்க பாரு. நம்ம தொழில் மோட்டார் ரூம்ல நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருக்க. தப்பு. அது ஸ்காட்ச் சுவைஞர் மாமன்றத்துல நடக்குது. ஊர்ல உசரமா இருக்கற பில்டிங் எல்லாத்துக்கும் ஓனருங்க அங்கதான் உக்காந்திருக்காங்க. கையில கிளாஸ் இல்லாதவன் சொல்றது அவங்க காதுல விழாது. அது அவங்க குத்தம் இல்ல, பழக்கம். நீ அங்க அடிப்படை வகுப்புல சேரு, பாஸ் பண்ணு, மெம்பராகு. சீட்டு உனக்கு. இல்லேன்னா சர்க்கரைக்கு. அவன் ஏற்கனவே மெம்பர்."

சர்க்கரை என்பது விற்பனைப் பிரிவு ஆள். பேச்சை வைத்து அமைந்த பெயர். மோட்டார் ரூம் எந்த மாடியில் இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கட்டட முதலாளியைப் பார்த்தாலும் "கயிறுதானே, இன்னும் தாராளமா தாங்கும் சார்" என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வருவார். கயிறு என்றால் லிஃப்டைத் தூக்கும் கம்பிக்கயிறு. அதை எப்போது மாற்றுவது, எந்த லிஃப்டை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கிற கையெழுத்து சர்வீஸ் மேனேஜருடையது.

சந்தேகத்துக்கு நாற்காலி மேல் ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் அதைவிட ஒரு கயிறு அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. அந்த மாமன்றம் இருந்த கட்டடத்தின் கயிறுதான் அது. இழைகள் அறுந்து மீசை முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மாற்றச் சொல்லி அவர் எழுதியதெல்லாம் "பிறகு பார்க்கலாம்" என்று திரும்பி வந்தது. சர்க்கரை மேனேஜரானால் அந்தக் கயிறு தானாக அறுகிற வரைக்கும் தாராளமாகத் தாங்கும். இது சந்தேகத்துக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. எனவே குடிக்கச் சம்மதித்தார்.

வீட்டில் சொன்னார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். எதிரில் இருப்பவரின் சட்டைக்கும் சதைக்கும் அப்பால் பார்த்தே பழகிய கண்.

"குடிக்கறதுக்கு ஆபீஸ்ல அனுப்பறாங்களா?"

"ஆமா."

"வகுப்பு வெச்சு?"

"பரீட்சையும் உண்டாம்."

"இந்த வயசுல பொய் சொல்றதாவது ஒழுங்கா சொல்லக்கூடாதா? சரி, போங்க. குடிச்சா குடிச்சேன்னு வந்து சொல்லணும். மறைச்சீங்க, அப்பறம் தெரியும் சேதி."

மாமன்றம் கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. மற்ற மாணவர்கள் லிஃப்டில் போனார்கள். சந்தேகம் படியேறி, நாக்குத் தள்ளிப் போய்ச் சேர்ந்தார். மரப்பலகை பதித்த சுவர், கனத்த திரை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சுவரில் வரிசையாக முன்னாள் தலைவர்களின் படங்கள். அதில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் காதோடு சொன்னார்: "அவர் ஐஸ் போட்டாராம்."

"எதுல?"

"விஸ்கியிலதான். ஒரே ஒரு கட்டி. குடும்பமே ஊரை விட்டுப் போயிடுச்சாம்."

பல் டாக்டர் நல்ல மனிதர். இரண்டாம் தடவையாக இதே வகுப்பில் சேர்ந்திருந்தார். வாழ்க்கையில் எல்லாம் கிடைத்துவிட்டது, ரசனை மட்டும்தான் பாக்கி என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

பேராசிரியர் உள்ளே வந்தார். எந்தக் கல்லூரியிலும் அவர் பாடம் நடத்தியதில்லை. மாமன்றமே கொடுத்த பட்டம் அது. கழுத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணம் தொங்கியது. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, மூக்கை ஒரு முறை சுத்தமாகச் சிந்தச் சொன்னார். அதற்கென்று தனியாக வெள்ளைக் கைக்குட்டை கொடுத்திருந்தார்கள்.

"நண்பர்களே" என்றார். "பாமரன் குடிப்பான். ரசிகன் முகர்வான். இந்த மாமன்றத்தில் மூன்று படிகள். முதல் படி, முகர்வோர். அவர்கள் முகரலாம். இரண்டாவது, நனைப்போர். அவர்கள் உதட்டை நனைக்கலாம், நாக்கை வெளியே நீட்டக்கூடாது. மூன்றாவது, விழுங்குவோர். நீங்கள் எல்லோரும் முகர்வோர்."

ஒருவர் கையைத் தூக்கினார். "எப்ப சார் குடிப்போம்?"

பேராசிரியர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லாதீங்க. வெளியில போய் நில்லுங்க."

அந்த ஆள் வெளியே போய் நின்றார். பாடம் தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, பாடத்தில் விஷயம் இருந்தது. ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்தில் வடித்து, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் கிடந்திருக்க வேண்டும். வருஷம் ஏற ஏற மதிப்பும் ஏறும். முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து ஒரே வடிசாலையில் செய்தது சிங்கிள் மால்ட். பல சாலைச் சரக்கைக் கலந்தால் பிளெண்ட். சில இடங்களில் முளைத்த பார்லியைச் சேற்றுநிலக் கரியின் புகையில் உலர்த்துவதால் புகை வாசனை வரும். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் போட்டால் செந்நிறம் ஏறும். சந்தேகம் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். எதையும் நம்பவில்லை.

"பீப்பாயில் கிடக்கும்போது வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிக் குறையும்" என்றார் பேராசிரியர். "அதற்குத் தேவதைகளின் பங்கு என்று பெயர்."

சந்தேகம் மெல்லக் கேட்டார். "சார், எங்க கம்பெனி ஸ்டோர்ல சரக்கு குறைஞ்சா ஸ்டோர்கீப்பரைத்தான் பிடிப்போம். இங்க ஸ்டோர்கீப்பரை யாராவது விசாரிச்சாங்களா?"

பல் டாக்டர் இவரைத் தெரியாதவர் போல நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

பிறகு ஆளுக்கு மூன்று கிண்ணங்கள் வந்தன. இடுப்புச் சிறுத்து வாய் குறுகிய கிண்ணங்கள். நிறத்தைப் பார்த்து மனம் கெட்டுப்போகக்கூடாது என்பதால் கருநீலக் கண்ணாடி. வாசனை ஓடிப்போகக்கூடாது என்று மேலே ஒரு மூடி. கட்டளை வந்ததும் மூடியைத் திறந்து, மூக்கை விட்டு, கட்டளை வந்ததும் மூட வேண்டும். உள்ளே இருப்பது விஸ்கியா, வெந்நீரா என்று பார்க்க வழியில்லை. மூன்றிலும் ஒரே சரக்கைத்தான் ஊற்றியிருப்பார்களோ என்று சந்தேகத்துக்கு உடனே தோன்றிவிட்டது.

"என்ன தெரியுது?" என்றார் பேராசிரியர்.

"ஈரக் கம்பளி" என்றார் ஒருவர். "பழைய புத்தக அலமாரி" என்றார் இன்னொருவர். "மழைக்கு முந்தின மனவருத்தம்" என்றார் முன்வரிசைக்காரர். பேராசிரியர் கண்ணை மூடித் தலையசைத்தார். பல் டாக்டருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பேராசிரியர் பார்த்து, "முகர்ந்து நெகிழ்ந்துவிட்டார்" என்று பாராட்டினார்.

சந்தேகத்தின் முறை வந்தது. "சாராய வாசனை வருது சார்" என்றார்.

அன்றைக்கு அவரும் வெளியே நின்றார். கிண்ணங்களை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, 'விழுங்குவோர் மட்டும்' என்று எழுதிய கதவுக்குள் கொண்டு போனார்கள். மாணவர்கள் முகர்ந்த சரக்கு எங்கே போகிறது என்று கேட்டதற்கு, "ஆய்வுக்கு" என்றார் வண்டிக்காரர். கதவுக்குப் பின்னால் ஆய்வு பலத்த சிரிப்போடு நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பக்கத்தில் வந்து மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். முகம் மாறியது.

"குடிக்கப் போறேன்னுதானே போனீங்க?"

"ஆமா."

"வாசனையே இல்லையே."

"குடுக்கல."

"விஸ்கி வகுப்புல விஸ்கி குடுக்கல?"

"முகர மட்டும்தான் விட்டாங்க."

மனைவி சோபாவில் உட்கார்ந்தார். "இத்தனை வருஷத்துல நீங்க இப்படிப் பொய் சொன்னதில்ல. குடிச்சுட்டு வந்து குடிக்கலேன்னு சொல்ற ஆம்பளைங்களைப் பாத்திருக்கேன். குடிக்கப் போறேன்னு சொல்லிட்டுக் குடிக்காம வர்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன். உண்மையைச் சொல்லுங்க, யார் அவ?"

"அடக் கடவுளே! யாரும் இல்லம்மா. ஒரு பல் டாக்டர்தான்."

"ஓ, டாக்டரா?"

"மீசை வெச்ச டாக்டர்!"

அன்று அவருக்குச் சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருந்தது. பரிமாற ஆள் வரவில்லை. சந்தேகப்பட்டே பழகிய மனிதருக்குச் சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நன்றாக இல்லை.

வகுப்புகள் தொடர்ந்தன. ஒரு வாரம் முழுக்க மூடியைத் திறப்பது எப்படி என்று மட்டும் நடத்தினார்கள். இன்னொரு வாரம் தண்ணீர். விஸ்கியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசனை விரியும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சொட்டை யார் விடுவது என்பதற்கு ஒரு துணைக்குழு இருந்தது. துணைக்குழுவில் பிளவு. கிண்ணத்தின் ஓரமாக விட வேண்டும் என்று ஒரு கட்சி, நடுவில் விட வேண்டும் என்று ஒரு கட்சி. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. தீர்ப்பு வரும் வரை எந்தக் கிண்ணத்திலும் தண்ணீர் விடக்கூடாது என்று தடை. எனவே தண்ணீர்ப் பாடத்தின்போது மாணவர்கள் காலிச் சொட்டுக்குழாயை அழுத்திப் பழகினார்கள். பல் டாக்டர் வீட்டுக்குப் போயும் பழகினார்.

சந்தேகம் இதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். இங்கே யாரும் முகர்ந்ததைச் சொல்வதில்லை, சொன்னதைத்தான் முகர்கிறார்கள். முன்வரிசை தேன் என்றால் கடைசி வரிசை வரைக்கும் தேன். ஒரு நாள் அவரே துணிந்து, "சூடான பிரேக் கட்டை" என்றார். மோட்டார் ரூம் ஞாபகம்தான், வேறென்ன! பேராசிரியர் துள்ளி எழுந்தார். "பிரேக் கட்டை! ஆஹா!" அன்று மாலைக்குள் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் சூடான பிரேக் கட்டை தெரிந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரேக் கட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை.

பிறகென்ன, வழி தெரிந்துவிட்டது. பரீட்சை நாளில் மாமன்றத் தலைவரே வந்து உட்கார்ந்தார். கனத்த மனிதர். அந்தக் கட்டடமும் ஊரிலுள்ள இன்னும் பல உயரக் கட்டடங்களும் அவருடையவை. முதலில் அவர் முகர்வார், பிறகு மாணவர்கள் முகர வேண்டும். இதுதான் முறை.

பல் டாக்டருக்குப் பதற்றம். கிண்ணம் கைக்கு வந்ததும் மூடியைத் திறந்துவிட்டார். திறந்தவர் முகம் மலர்ந்தது. அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது. "கரிப்புகை! கூடவே ஆஸ்பத்திரி மருந்து! எனக்குத் தெரியுது சார், எனக்குத் தெரியுது!" என்று கத்தினார்.

பேராசிரியர் தலைவரைப் பார்த்தார். தலைவரின் கிண்ணம் இன்னும் மூடியிருந்தது.

"விடை சரிதான்" என்றார் பேராசிரியர். "ஆனால் தலைவர் முகர்வதற்கு முன்பே சரியாகச் சொல்லிவிட்டீர்கள். இதைவிடத் தவறாகச் சொல்ல முடியாது. அடுத்த வகுப்பில் சேருங்கள்."

பல் டாக்டர் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். சந்தேகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, தலைவர் முகர்ந்து முடிக்கிறவரை காத்திருந்து, கண்ணை மூடி, "பழைய கிரீஸ், மழையில் நனைந்த இரும்பு, யாரோ விட்டுப்போன செருப்பு" என்றார். செருப்பு கொஞ்சம் அதிகப்படி என்று அவருக்கே தோன்றியது. தலைவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட மூக்கு எப்போதோ ஒரு முறைதான் பிறக்கும் என்றார். நனைப்போர் படியைத் தாண்டி, நேராக விழுங்குவோர் ஆக்கிவிட்டார்கள்.

மறுநாளே முதலாளி மேனேஜர் உத்தரவைக் கையில் கொடுத்தார். "பாத்தியா? எல்லாம் ஒரு மூக்குலதான்பா இருக்கு" என்றார். சர்க்கரை வந்து கை குலுக்கினார். குலுக்கிய பிறகு சந்தேகம் தன் விரல்களைச் சரிபார்த்துக்கொண்டார்.

அந்த வார இறுதியில் புது உறுப்பினருக்கு வரவேற்பு. 'விழுங்குவோர் மட்டும்' கதவு அவருக்குத் திறந்தது. உள்ளே கருநீலக் கண்ணாடியும் இல்லை, மூடியும் இல்லை. சாதாரணக் கிளாசில் அளவு பார்க்காமல் ஊற்றினார்கள். ஒரு மூலையில் வாளி நிறைய ஐஸ்கூட இருந்தது. சந்தேகம் அதையே பார்ப்பதைக் கண்டு பேராசிரியர், "அது மருத்துவக் காரணங்களுக்கு" என்றார்.

தலைவர் தன் கையாலேயே ஒரு கிளாஸ் கொடுத்தார். சந்தேகம் முகர்ந்தார். கவிழ்த்துத் தரையில் ஊற்ற ஏதாவது காரணம் கிடைக்குமா என்று பார்த்தார், கிடைக்கவில்லை. ஒரு வாய் குடித்தார். முதலில் நாக்கு சுட்டது. பிறகு புகை வந்தது, நிஜப் புகை. அதற்குப் பின்னால் தேன். பொய் இல்லை, தேன்தான். தொண்டையில் இறங்கி நெஞ்சுக்குள் மெல்லப் பரவி, உடனே போகாமல் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. சந்தேகம் கிளாசையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கிளாசை மேஜைமேல் வைத்துவிட்டு வந்த வேலையை ஆரம்பித்தார்.

"தலைவர் சார், இந்தக் கட்டடத்து லிஃப்ட் கயிறை மாத்தணும். நாளைக்கே நிறுத்தணும்."

"கயிறா?" என்றார் தலைவர். "எத்தனை வருஷத்துக் கயிறு?"

"பதினெட்டு வருஷம் ஆச்சு சார்."

தலைவர் முகம் கனிந்தது. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? பதினெட்டு வருஷம்!" எல்லோரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

"சார், இது..."

"தம்பி, பன்னெண்டு வருஷம்னா நானே மாத்துன்னு சொல்லியிருப்பேன். பதினெட்டு வருஷம் பக்குவப்பட்ட ஒண்ணை எடுத்துப் போட்டுட்டு, நேத்து செஞ்சதைக் கொண்டுவந்து மாட்டுங்கறீங்களே. இதுக்கா நீங்க மெம்பர் ஆனீங்க?"

"கயிறு துருப்பிடிச்சிருக்கு சார். தொட்டா கையில சிவப்பாத் தூள் ஒட்டுது."

"செந்நிறம்!" என்றார் பேராசிரியர், கண்ணை மூடிக்கொண்டு. "ஷெர்ரிப் பீப்பாயின் குணம்."

"முன்னைக்கு இப்ப இளைச்சும் போயிருக்கு."

"தேவதைகளின் பங்கு" என்றார் தலைவர். சிலர் கைதட்டினார்கள்.

சந்தேகம் அங்கே நின்றிருந்த சர்க்கரையைப் பார்த்தார். கம்பெனி ஆளாயிற்றே, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா! சர்க்கரை கிளாசை உயர்த்தி, "நம்ம மேனேஜர் புதுசு சார். நான் எப்பவும் சொல்றதுதான், தாராளமா தாங்கும்" என்றார்.

தலைவருக்குப் பேச்சு பொங்கிவிட்டது. கிளாசோடு எழுந்து நின்றார். "நண்பர்களே, அவசரம் ஒரு நோய். கயிறு அறுந்துடும், கயிறு அறுந்துடும்னு பதறுறது பாமரன் புத்தி. நாம எதையும் நேரா விழுங்கற ஆளுங்க இல்ல. இந்தக் கட்டடத்துல குடியிருக்கறவங்க வருஷக்கணக்கா மனு குடுக்கறாங்க. ஒரு மனுவையாவது நான் படிச்சிருக்கேனா? இல்ல. முகர்ந்தேன். அவ்வளவுதான். முகர்ந்தாலே தெரியும், அதுல ஒண்ணும் இல்லேன்னு." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

சந்தேகத்துக்குக் காது சூடேறியது. இவர்களோடு வாதாடிப் பயனில்லை என்பது புரிந்துவிட்டது. "சரி சார்" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப வாங்க, எல்லாரும் ஒண்ணா லிஃப்டுல கீழ போயிட்டு வருவோம். இத்தனை பேர் ஏறினா எடை சரியா இருக்கும். தலைவர் முதல்ல ஏறட்டும். அதுதானே முறை?"

யாரும் அசையவில்லை. ஒருவர் ஐஸ் வாளியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். சர்க்கரைக்குத் திடீரென்று அவசரமாகப் போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது. பேராசிரியர் வெள்ளிக் கிண்ணத்தைத் தடவியபடி, "படி இறங்கினால் மூச்சு ஆழமாகும். மூச்சு ஆழமானால் மூக்கு திறக்கும்" என்றார்.

"அருமை!" என்றார் தலைவர், பிடி கிடைத்த வேகத்தில். "இதையே தீர்மானமாப் போடுங்க. இன்னையிலேர்ந்து விழுங்குவோர், நனைப்போர் ரெண்டு பேரும் படியிலதான் ஏறி இறங்கணும். மூக்கு நலத்துக்காக."

"அப்ப லிஃப்ட்?" என்றார் யாரோ.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "லிஃப்ட் முகர்வோருக்கு. ஆரம்ப நிலைதானே, அவங்களுக்கு இன்னும் மூக்கு பக்குவப்படல."

ஒருமனதாக நிறைவேறியது. கை தூக்காதவர் ஒருவர்தான். அவர் வெளியே வந்து கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். படிக்கட்டின் நடுப்பள்ளம் வழியாகத் தரைத்தளம் தெரிந்தது. புதிய வகுப்புக்கு வந்தவர்கள் கையில் வெள்ளைக் கைக்குட்டையோடு நின்றிருந்தார்கள். அவர்களை வரிசையில் நிறுத்தி, "ஏறுங்க, ஏறுங்க, இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு" என்று உற்சாகமாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார் பல் டாக்டர். மூன்றாம் தடவையாகச் சேர்ந்திருந்தார்.

"ஏறாதீங்க!" என்று சந்தேகம் கத்தினார். அத்தனை உயரத்திலிருந்து அது கீழே எப்படிக் கேட்டதோ, பல் டாக்டர் அண்ணாந்து பார்த்துப் பாசத்தோடு கையசைத்தார்.

மோட்டார் ரூம் அதற்கும் மேலே, மொட்டை மாடியிலிருந்து ஏறும் இரும்பு ஏணியில். சந்தேகம் அதில் ஏறிய வேகத்தை அவர் மனைவி பார்த்திருந்தால் இன்னொரு சந்தேகம் வந்திருக்கும். லிஃப்ட் தரைத்தளத்திலேயே நிற்கிறது என்பதைச் சரிபார்த்தார். மறுபடியும் சரிபார்த்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். அதில் கம்பெனிப் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். கீழே விளக்கணைந்த லிஃப்டுக்குள்ளிருந்து முகர்வோர் எல்லோரும் கைக்குட்டையோடு வெளியே வந்தார்கள்.

ஏணியடியில் தலைவர் நின்றிருந்தார். ஒரு மாடி படியேறியதில் மூச்சு வாங்கியது. "யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?"

"மேனேஜரைக் கேட்டேன் சார்."

"எந்த மேனேஜர்?"

"நான்தான் சார்."

முதலாளியின் போன் அவர் படியிறங்கி முடிப்பதற்குள் வந்துவிட்டது. "என்னப்பா பண்ணி வெச்சிருக்க? சாவியைச் சர்க்கரைகிட்டக் குடுத்துட்டு, காலையில வந்து என்னைப் பாரு."

"வந்து பாக்கறேன் சார்" என்றார் சந்தேகம். சாவியைக் கொடுக்கவில்லை.

வீட்டில் மனைவி ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சாவி எங்க?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மனைவி அதை வாங்கித் தன் உடுப்பின் பையில் போட்டுக்கொண்டார். "என்கிட்ட இருக்கட்டும். உங்ககிட்டக் கேட்டா குடுத்தாலும் குடுத்துடுவீங்க. வேலை?"

"போயிடும்னு நினைக்கிறேன்."

"போகட்டும். யாரும் செத்துப் போகலையே." கத்தியை மறுபடியும் எடுத்துக்கொண்டே கேட்டார். "குடிச்சீங்களா?"

"குடிச்சேன். ஒரு வாய்."

"எப்படி இருந்துச்சு?"

சந்தேகம் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். ஏதாவது ஒரு குறை சொல்லலாமா என்று நேர்மையாகத் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். "அதான் வயித்தெரிச்சலா இருக்கு."